வீட்டு விருந்தில் நான்கு இத்தாலியச் சிவப்பு ஒயின்கள்: எதை முதலில் ஊற்றுவது, எந்தச் சூட்டில் ஊற்றுவது?

டூரின்வாசி கேட்கிறார்:

வேலையின் பொருட்டு இத்தாலியின் பியமோந்தே மாநிலத்து டூரின் நகருக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற நவம்பரில் அலுவலக நண்பர்கள் சிலரைச் சாப்பிட அழைத்தபோது, அவர்கள் ஊர்ப் பெருமையான பரோலோவையே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், சேமித்து வைத்திருந்த 2016 ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். திறந்த கையோடு கோப்பைகளில் ஊற்றியும் விட்டேன். முதல் மிடற்றிலேயே சாராய நெடி மூக்கில் ஏறியது. அடுத்த நொடியில், பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கும் ஈறும் வறண்டு ஒட்டிக்கொண்டன. நிறமும் வெளிறி, ஓரத்தில் செங்கல் பொடியைக் கரைத்ததுபோல் தெரிந்ததால், பாட்டிலே கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றியது.

விருந்துக்கு வந்திருந்த எதிர்வீட்டுப் பாட்டியம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பாட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துப் போய்ப் பால்கனித் தரையில் வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார். நான் அந்தப் பாட்டிலை ஒரு வாரமாக வெப்பமூட்டிக்கு மேலிருந்த அலமாரியில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது நிமிடம் கழித்து ஊற்றியபோது அது வேறு ஒயினாக இருந்தது. ஆனால் அதற்குள் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

இந்த ஆண்டும் அதே நண்பர்களை அழைத்திருக்கிறேன். எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். கைவசம் இருப்பவை நான்கு பாட்டில்கள்: ஒரு பார்பேரா தாஸ்தி, ஒரு கியாந்தி கிளாசிகோ ரிசெர்வா, அதே 2016 பரோலோவில் மிஞ்சியிருக்கும் இன்னொன்று, பரிசாக வந்த ஓர் அமரோனே. இவற்றை எந்த வரிசையில் கொடுப்பது, எவ்வளவு நேரம் முன்னால் திறப்பது என்று தெரியவில்லை. ஒயினைக் காற்றாட ஊற்றிவைக்கும் ஜாடியான டிகாண்டர் என்னிடம் இல்லை. ஒரே மாதிரியான கோப்பைகளும் ஆறுதான் இருக்கின்றன. விருந்தினரில் இருவர் இறைச்சி உண்ணாதவர்கள். போதாக்குறைக்கு, நம் ஊர்க் காரத்தோடு ஏதாவது ஒன்று சமைத்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொர்வீனா எழுதுகிறார்:

வெரோனாவில் ஒரு விடுதியின் உணவகத்தில் பல ஆண்டுகளாக ஒயின் பரிமாறும் வேலையில் இருக்கிறேன். உங்கள் எதிர்வீட்டுப் பாட்டியம்மா செய்ததைத்தான் நானும் தினமும் செய்கிறேன், ஒரு வெப்பமானி கூடுதலாக இருக்கிறது என்பதைத் தவிர.

சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையிலேயே குடிக்க வேண்டும் என்ற பேச்சு, வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு இல்லாத காலத்தில், கல் சுவர்களும் குளிர்ந்த நிலவறைகளும் இருந்த வீடுகளில் பிறந்தது. டூரினில் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து வெப்பமூட்டிகள் ஓடத் தொடங்கிவிடுவதால், உங்கள் கூடம் 21 அல்லது 22 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கைத் தாக்கும். மணம் பின்னால் தங்கிவிடும். பரோலோவையும் அமரோனேவையும் 17 முதல் 18 டிகிரியிலும், கியாந்தியை 16 அல்லது 17 டிகிரியிலும், பார்பேராவை 15 அல்லது 16 டிகிரியிலும் கொடுங்கள். கோப்பையில் விழுந்த பத்து நிமிடத்துக்குள் ஒயின் தானாகவே ஓரிரு டிகிரி ஏறிவிடும் என்பதால், சற்றுக் குறைவான சூட்டில் ஊற்றுவதில் தவறில்லை. வெப்பமானி இல்லையென்றால், பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். உங்கள் வீட்டு நிலைக்கு அதுவே ஏறக்குறைய சரியாக வரும். மறுபக்கமும் ஒன்று உண்டு. பரோலோவைப் பத்து டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டுமே நாக்கில் நிற்கும்.

அந்தத் துவர்ப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தாலியர்களுக்கு நான் இதை விளக்கும்போது நிறைய உவமைகள் தேவைப்படுகின்றன. நமக்கு அது அறுசுவையில் ஒன்றாகவே இருப்பதால் வேலை எளிது. பாக்கு, நாவற்பழம், மாதுளையின் உள்தோல், நீங்கள் சொன்ன வாழைக்காய் ஆகியவை நாக்கை எப்படிப் பிடித்து இழுக்கின்றனவோ, அப்படித்தான் திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயை வறளவைக்கிறது. பரோலோவுக்குரிய ஒரே திராட்சையான நெபியோலோவில் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர மிகுதி. நிறம் மட்டும் குறைவு, ஏனென்றால் அதன் தோலில் உள்ள நிறமிகள் எளிதில் நிலைகுலைபவை. ஆகவே உங்கள் பாட்டில் கெட்டிருக்கவில்லை. ஓரத்தில் செங்கல் நிறம் தெரிவது நெபியோலோவின் பிறவிக்குணம், அதிலும் சில ஆண்டுகள் கடந்ததற்கு அது இயல்பே. கெட்ட ஒயினின் அடையாளம் வேறு: தக்கையினால் பழுதான ஒயினில் நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை வரும். அதைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குடிப்பதில் இன்பமும் இல்லை. விருந்தினர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து ஒரு துளி முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது.

வரிசையைப் பொறுத்தவரை பார்பேரா, கியாந்தி, பரோலோ என்று போங்கள். பார்பேராவில் புளிப்பு மிகுதி, துவர்ப்பு குறைவு; அது வாயைத் திறந்துவிடும். கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்சோவேசே என்னும் திராட்சை இருந்தாக வேண்டும் என்பது விதி. அதில் துவர்ப்பு ஒரு படி ஏறும். அதன் கழுத்தில் இருக்கும் கருஞ்சேவல் முத்திரையைக் காட்டி, அந்தப் பகுதியின் எல்லையை 1716 ஆம் ஆண்டிலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி ஆணையிட்டு வகுத்தார் என்று சொன்னால், பியமோந்தேக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள். அது தனி வேடிக்கை. அமரோனேவை அன்று திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வல்போலிசெல்லாவில் கொர்வீனா முதலிய திராட்சைகளை அறுவடைக்குப் பிறகு மூன்று, நான்கு மாதம் உலரவைத்து, அவை எடையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்த பிறகே பிழிகிறார்கள். அதனால்தான் ஆல்கஹால் 15, 16 விழுக்காடு வரை ஏறுகிறது. அதைக் குடித்த பிறகு வேறு எந்த ஒயினும் நாக்கில் நிற்காது. என் ஊர் ஒயினை நானே தடுக்கிறேனே என்று நினைக்காதீர்கள். அதற்கென்று ஒரு குளிர்கால இரவையும், நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டி ஒன்றையும் ஒதுக்கிவையுங்கள்.

அளவுதான் பலரும் கவனிக்காத இடம். ஒரு பாட்டில் 750 மில்லிலிட்டர். எட்டுப் பேருக்குத் தலைக்கு 50 மில்லி ஊற்றினால் 400 போக 350 மில்லி மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சாப்பாட்டோடு, அவரவருக்குப் பிடித்ததைக் கேட்டு ஊற்றலாம். வண்டி ஓட்டி வந்திருப்பவர் யார் என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சட்டம் அனுமதிப்பது ஒரு லிட்டர் இரத்தத்தில் அரை கிராம், ஓட்டுநர் உரிமம் பெற்று மூன்று ஆண்டு நிறையாதவர்களுக்கு அதுவும் இல்லை. மேசையில் ஒரு காலி ஜாடியை வைத்து, துப்புவதும் ஊற்றிவிடுவதும் மரியாதைக் குறைவு அல்ல என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கோப்பைகள் ஆறு ஒரு மாதிரி, இரண்டு வேறு மாதிரி என்பதால் ஒன்றும் கெடாது, வாய்ப்புறம் சற்றுக் குவிந்திருந்தால் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அலமாரியில் கிடந்த கோப்பைக்கு மரவாடையோ சோப்பு வாடையோ நிச்சயம் இருக்கும். நாங்கள் செய்வது இதுதான்: முதல் கோப்பையில் இரண்டு தேக்கரண்டி ஒயினை ஊற்றி, கோப்பையைச் சாய்த்து உட்புறம் முழுவதும் படும்படி சுழற்றி, அதே ஒயினை அடுத்த கோப்பைக்கு மாற்றி, இப்படியே எட்டுக் கோப்பைகளையும் நனைத்து, கடைசியில் கொட்டிவிடுவோம். இதற்கு அவ்வினாரே என்று பெயர். ஒயின் மாறும்போது தண்ணீரில் அலசுவதைவிட, அடுத்த ஒயினாலேயே இப்படி அலசுவது மேல்.

பரோலோவைக் காலையிலேயே திறந்து, அரைக் கோப்பை ஊற்றி எடுத்துவிட்டு, அப்படியே நிற்க விடுங்கள், டிகாண்டர் வேண்டியதில்லை.

அடிமண்டி எழுதுகிறார்:

கொர்வீனா அக்கா சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன். பாட்டிலின் கழுத்து உட்புறத்தில் இரண்டு சென்ட் நாணயத்தின் அகலம்தான் இருக்கும். அந்த வழியாகக் காலை முதல் மாலை வரை காற்று எவ்வளவு உள்ளே போய்விடப் போகிறது? அரைக் கோப்பை எடுத்துவிட்டால் ஒயினின் மேற்பரப்பு கழுத்திலிருந்து தோள்பகுதிக்கு இறங்கிச் சற்று அகலமாகும் என்பது உண்மையே. ஆயினும் 2016 பரோலோவைப் போன்ற, இன்னும் முறுக்குக் குறையாத ஒயினுக்கு அது போதாது. வாய் அகன்ற எந்தக் கண்ணாடி ஜாடியும் டிகாண்டர்தான். தண்ணீர் வைக்கும் ஜாடியை மணமற்றுப் போகும்படி கழுவி, விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பரோலோவை அதில் ஊற்றி, ஜாடியைக் குளிர்ந்த அறையில் வையுங்கள். ஊற்றியவுடன் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வேண்டிய அளவு திறந்துவிட்டதென்று தோன்றினால் மறுபடியும் பாட்டிலுக்கே மாற்றிவிடலாம். காலையில் ஊற்றி இரவு வரை ஜாடியில் விடுவதும், முப்பது வயதான பழைய பாட்டிலை இப்படிக் காற்றில் அலைக்கழிப்பதும் கூடாது. பழையதில் எஞ்சியிருக்கும் மெல்லிய மணம் அரை மணியில் பறந்துவிடும்.

நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதற்குக் காரணமே ஒரு பழைய பாட்டில்தான். பரோலோ விளையும் லாங்கே குன்றுகளுக்குப் போயிருந்தபோது வாங்கிய பரோலோவைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, அன்று இரவே திறந்து, கடைசிக் கோப்பையை மாமனாருக்கு ஊற்றினேன். கருஞ்சிவப்பு மண்டி முழுவதும் அவர் பல்லில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் நாகரிகமாகத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "டிகாஷன் நன்றாக இறங்கியிருக்கிறது, மாப்பிள்ளை" என்றார். உங்கள் பாட்டிலில் அவ்வளவு இருக்காது. இருந்தாலும் முதல் நாளே அதை நிமிர்த்தி நிற்கவைத்துவிடுங்கள். ஜாடிக்கு மாற்றும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஊற்றாமல் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றி, மண்டி கழுத்தை எட்டும்போது நிறுத்திவிட்டால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி: சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்த குறைகளில் சூடு ஒன்று, வெறும் வாயில் குடித்தது இன்னொன்று என்று நினைக்கிறேன். இந்த நான்கும் சோற்றோடும் ரொட்டியோடும் குடிப்பதற்கென்றே வளர்ந்த ஒயின்கள். நண்பர்களிடமே இதைச் செய்து காட்டுங்கள். முதலில் பரோலோவை வெறும் வாயில் ஒரு மிடறு குடிக்கச் சொல்லுங்கள். பிறகு இருபத்து நான்கு மாதம் முதிர்ந்த பார்மிஜானோவில் ஒரு துண்டைக் கடித்து மென்றுவிட்டு, மறுபடியும் ஒரு மிடறு. பாலாடைக்கட்டியின் கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை வாங்கிக்கொள்ள, முதல் மிடற்றில் ஒளிந்திருந்த ரோஜா வாடையும் உலர்பழ வாடையும் அப்போதுதான் மேலே வரும். இறைச்சி உண்பவர்களுக்கு ஒயினில் ஊறவைத்து மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்த பியமோந்தே மாட்டிறைச்சியான பிரசாத்தோ இருக்கிறது. உண்ணாதவர்களுக்கு வெண்ணெயும் போர்ச்சீனிக் காளானும் சேர்த்துக் குழைய வேகவைத்த அரிசிச் சோறான ரிசோத்தோ பரோலோவுக்கு எந்த வகையிலும் குறைந்த துணை அல்ல. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பார்மிஜானோ கன்றின் இரைப்பை நொதியைக் கொண்டு உறையவைக்கப்படுவது என்பதால், கண்டிப்பான சைவர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதுபோலவே சில சிவப்பு ஒயின்களை முட்டை வெண்கருவால் தெளியவைப்பதும் உண்டு. அதன் எச்சம் இருந்தால் பாட்டிலின் பின்பக்கச் சீட்டில் குறித்திருப்பார்கள்.

பலெர்மோவாழ் தமிழன் எழுதுகிறார்:

டூரினில் இருக்கும் தம்பிக்கு வணக்கம். பலெர்மோவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழ்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவன். வைனைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மிஞ்சிய போத்தல்களில் இருந்து தெரிந்துகொண்டேன்.

காரத்தைப் பற்றி ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. மிளகாய்க் காரத்தின் மேல் பரோலோவையோ அமரோனேவையோ ஊற்றினால், ஆல்கஹால் எரிவைக் கூட்டும், துவர்ப்பு கசப்பாக மாறும். கறியும் கெடும், அறுபது யூரோ வைனும் கெடும். காரக் கறிக்கு ஏற்றது துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை மிகுந்த, நன்றாகக் குளிரவைத்த சிவப்பு வைன். எங்கள் சிசிலியின் பிரப்பாத்தோ அப்படிப்பட்டது. நேரோ தாவோலா என்ற திராட்சையோடு அதைக் கலந்து செய்யும் செராசுவோலோ தி வித்தோரியாதான், இத்தாலிய வைன்களின் மிக உயர்ந்த தரப் பிரிவான டி.ஓ.சி.ஜி.யை 2005 இல் இந்தத் தீவில் முதலாவதாகப் பெற்ற வைன். 14 டிகிரிக்குக் குளிரவைத்தால் வாள்மீனுக்கும் சூரைமீனுக்கும்கூட அது ஒத்துப்போகும். சிவப்பு வைனைக் குளிரவைப்பதா என்று வடக்கே சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். ஜூலை மாதத்தில் இங்கே வந்து, 35 டிகிரிச் சூட்டில் அதே கேள்வியைக் கேட்கட்டும்.

அது உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காவிட்டால், எமிலியாவின் நுரைக்கும் சிவப்பு வைனான லம்ப்ருஸ்கோவை வாங்குங்கள். இனிப்பே இல்லாதது, இலேசாக இனிப்பது என்று அதில் வகைகள் உண்டு. காரத்துக்கு இலேசாக இனிப்பதுதான் நல்லது. உங்களிடம் இருப்பவற்றிலிருந்தே எடுக்க வேண்டுமானால் பார்பேராதான், அதையும் இன்னும் இரண்டு டிகிரி குளிரவைத்து. எனக்குத் தெரிந்த ஒழுங்கு இது: காரக் கறியைப் பந்தியின் கடைசிக்குத் தள்ளாதீர்கள், நடுவிலும் வைக்காதீர்கள். தொடக்கத்தில் சிறிய கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, பிறகு வெறும் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, கால்மணி நேரம் பேச்சுக்கு விடுங்கள். நாக்கு ஆறின பிறகு கியாந்திக்கும் பரோலோவுக்கும் போங்கள். மிளகாயைக் குறைத்து மிளகும் சோம்பும் பட்டையும் தூக்கலாக வைத்த ஆட்டுக்கறி என்றால் கியாந்தியோடு சேர்த்தே கொடுக்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

டூரின்வாசி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. கொர்வீனா அக்காவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மிஞ்சும் ஒயினை என்ன செய்வது? மேலும், சீட்டை மறைத்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டை வைக்கலாமா, அல்லது அது விருந்தினரைச் சங்கடப்படுத்துமா?

கொர்வீனா எழுதுகிறார்:

ஜாடி விஷயத்தில் அடிமண்டி சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். உணவகத்தில் காலையில் திறந்துவைப்பது எங்கள் வசதிக்காக ஏற்பட்ட வழக்கம்.

மிஞ்சியதைத் தக்கையால் அடைத்து, நிமிர்த்தி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சிவப்பு ஒயினுக்கும் அதுதான் இடம். மூன்று நாள் வரை குடிக்கலாம். அதற்கு மேல் போனால் சமையலுக்கு. பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது என்றால் சிறிய பாட்டிலுக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் காற்று குறையும்.

விளையாட்டை வையுங்கள், ஆனால் பெயரைக் கேட்காதீர்கள். பெயரைக் கேட்டால் தெரிந்தவர் தேர்வு எழுதுபவராகிவிடுவார், தெரியாதவர் வாய் திறக்கமாட்டார். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, எதில் புளிப்பு அதிகம், எதில் துவர்ப்பு அதிகம், எதை இன்னொரு கோப்பை கேட்பீர்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். உதட்டுச் சாயத்தையும் வாசனைத் திரவியத்தையும் பற்றி விருந்தினரிடம் சொல்ல முடியாது. சமையலறைக் கதவையாவது மூடி வையுங்கள். தாளித்த வாடையில் நெபியோலோவின் ரோஜாவைத் தேடுவது நடக்காத காரியம்.

டூரின்வாசி எழுதுகிறார்:

விருந்து சென்ற சனிக்கிழமை நடந்து முடிந்தது. மிளகாய் போட்ட கோழி வறுவலை முதலிலேயே சிறு கிண்ணங்களில் கொடுத்து, இலேசாக இனிக்கும் லம்ப்ருஸ்கோவை ஊற்றினோம். இரண்டும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோயின. ஜாடியில் ஊற்றிய பரோலோ முதல் முகர்தலில் மூடிக்கிடந்தது, ஒன்றரை மணி நேரத்தில் திறந்துகொண்டது; பாட்டிலுக்கே திருப்பி, பால்கனியில் பதினைந்து நிமிடம் வைத்தேன். செய்தித்தாள் சுற்றிய மூன்று பாட்டில்களில், இன்னொரு கோப்பை வேண்டும் என்று அதிகம் பேர் கைகாட்டியது பார்பேராவை. பாட்டில் ஒன்பது யூரோதான் என்று நான் சொன்னபோது, அந்த ஒயின் விளையும் அஸ்தி என்ற ஊரைச் சேர்ந்த நண்பர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கியாந்தியைப் பற்றிப் பியமோந்தேக்காரர்கள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார்கள், பாட்டில் மட்டும் காலியானது.

எதிர்வீட்டுப் பாட்டியம்மா உட்காருவதற்கு முன் பரோலோவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இந்த முறை அதை எங்கும் எடுத்துப் போகவில்லை. மிஞ்சிய ஒரு கோப்பையை மறுநாள் ஞாயிறு மதியம், பழைய ரிசோத்தோவைத் தோசைபோல் வட்டமாகத் தட்டி, வெண்ணெயில் முறுகச் சுட்டு, அதோடு நானும் மனைவியும் பகிர்ந்துகொண்டோம். சனிக்கிழமை இரவைவிட அது நன்றாக இருந்தது. அமரோனே இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது, வெப்பமூட்டிக்கு எதிர்த்திசையில் உள்ள அலமாரியில்.